1060 கேட்கும் கேம், 1650 இருக்கும் லேப்டாப்: ஓடுமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் 2020இல் வாங்கிய கேமிங் லேப்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ5-10300எச் ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. அதில் 'ப்ளாக் மித்: வூகோங்' விளையாட ஆசை. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 1060 என்று போட்டிருக்கிறது, நம்முடையது 1650, எண் பெரியது, அப்படியென்றால் ஓடும்தானே அண்ணே என்கிறார். ஆனால் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டிய கடையில், இது எதற்கும் ஆகாது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

தம்பி, நீங்கள் நினைப்பதும் சரியில்லை, கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. இப்போது இருக்கிற நிலையில் உங்கள் லேப்டாப் அந்தக் கேமைத் தாங்காது. இன்னொரு 8 ஜிபி ராம் போட்டால், எல்லாவற்றையும் குறைத்து வைத்து, வினாடிக்கு 30 ஃப்ரேமை (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களை) ஒட்டி விளையாடலாம் என்பது என் கணிப்பு. என் கணிப்பை நம்பி நீங்கள் பணம் போட வேண்டாம். இந்தக் கேமைப் பொறுத்தவரை ஒரு காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த எண் விவகாரத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் நிறைய பேர் வழுக்கி விழும் இடம் அதுதான்.

என்விடியா கார்டுகளின் பெயரில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. கடைசி இரண்டு இலக்கம், அந்தத் தலைமுறைக்குள் அது எந்தப் படியில் நிற்கிறது என்பது. 1060 என்றால் 10 வரிசையில் 60ஆம் படி. 1650 என்றால் 16 வரிசையில் 50ஆம் படி. முன்னது 2016 ஜூலையில் வந்தது, பின்னது 2019 ஏப்ரலில் வந்தது. புதிய கார்டுதான், ஆனால் கீழ்ப்படி. 6 ஜிபி 1060இல் 1280 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), லேப்டாப்பில் வரும் 1650இல் 1024. மெமரிக்குப் போகும் பாதை அங்கே 192 பிட், இங்கே 128 பிட். கடைசியில் மூன்று வருடம் பழைய கார்டுதான் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் கார்டின் சொந்த மெமரி. அதற்கு 6 ஜிபி, உங்களுடையதற்கு 4 ஜிபி.

பெயர் ஒன்றாக இருந்தால்கூட நம்ப முடியாது. 1060லேயே 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு, 3 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4070 என்று டெஸ்க்டாப்பில் வாங்கினால் 12 ஜிபி, அதே பெயரில் லேப்டாப்பில் வருவது 8 ஜிபி, உள்ளே இருக்கும் சிப்பும் வேறு. கேம் கம்பெனிகள் பட்டியலில் போடுவது பெரும்பாலும் டெஸ்க்டாப் கார்டைத்தான். எனவே லேப்டாப்காரர்கள் எப்போதும் ஒரு படி கழித்துத்தான் படிக்க வேண்டும். டெக்பவர்அப் தளத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. மற்ற கார்டுகளோடு ஒப்பிட்டால் அது எங்கே நிற்கிறது என்று அங்கே கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். தேடும்போது 'மொபைல்' என்று இருக்கிற பக்கத்தைத் திறங்கள். எண்ணைப் பார்த்து ஊகிப்பதைவிட அந்தக் கோட்டைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

உங்கள் 1650க்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். 16 வரிசைக்கு இன்னும் வருகிறது. வேகத்தில் தோற்ற கார்டு ஆயுளில் ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். வூகோங் கேட்கும் குறைந்தபட்சம் இது: ஐ5-8400 அல்லது ரைசன் 5 1600, 16 ஜிபி ராம், 6 ஜிபி 1060 அல்லது 8 ஜிபி ஆர்எக்ஸ் 580, 130 ஜிபி இடம். அதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் போட்டுச் சோதித்த அளவு இது என்கிறது அந்த வரி. அதாவது படத்தைச் சின்னதாக வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டும் தந்திரத்தையும் சேர்த்துத்தான் 1060 போதும் என்கிறார்கள். எந்த ரெசல்யூஷனில் (படம் எத்தனை புள்ளிகளில் வரையப்படுகிறது என்ற அளவு, 720பி, 1080பி என்பார்கள்), வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று பட்டியலில் இல்லை.

'குறைந்தபட்சம்' என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் 1080பி, 60 ஃப்ரேம் என்று மனத்தில் வைத்து எழுதுவார். இன்னொருவர் 720பியில் 30 வந்தால் போதும் என்று எழுதுவார். 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' 2025 பிப்ரவரியில் வந்தபோது அதை உருவாக்கிய கேப்காம் இதை வெளிப்படையாகவே எழுதியது: குறைந்தபட்சம் என்றால் பெரிதாக்கிய 1080பியில் 30 ஃப்ரேம், பரிந்துரை என்றால் 1080பியில் 60 ஃப்ரேம், அதுவும் ஃப்ரேம் ஜெனரேஷன் (நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவில் கார்டே ஊகித்து ஃப்ரேம் சொருகுவது) போட்டு. பரிந்துரைக்கும் நிலையிலேயே பாதி ஃப்ரேம் இட்டுக்கட்டியதா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. சொல்லாமல் மறைப்பவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் தேவலாம்.

ஆகவே "ஓடுமா" என்று கேட்டால் பதில் எப்போதும் குழப்பமாகத்தான் வரும். எந்த ரெசல்யூஷன், எத்தனை ஃப்ரேம், எவ்வளவு அழகு என்று நீங்கள் முதலில் முடிவு செய்யுங்கள். 30 ஃப்ரேமில் அடித்தட்டு செட்டிங்கில் விளையாடினாலும் சந்தோஷம் என்றால் உங்களுக்கு ஒரு பதில். 60க்குக் கீழே போனால் தலை வலிக்கும் என்றால் வேறு பதில்.

இப்போது உங்கள் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'மெமரி' என்பதைத் தட்டினால் கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் அதிர்ஷ்டம், ஒரு ராம் வாங்கிச் செருகினால் போதும். இரண்டிலும் 4 ஜிபி இருந்தால் இரண்டையும் கழற்றிவிட்டு 8 ஜிபியாக இரண்டு போட வேண்டும்.

அப்புறம் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் பக்கம். உங்களிடம் இரண்டு காட்டும்: ஒன்று இன்டெல், ஒன்று என்விடியா. என்விடியாவைத் தட்டுங்கள். 'ஜிபியு மெமரி' என்று 7.9 ஜிபி போல ஒரு எண் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அடடே நமக்கு 8 ஜிபி கார்டு என்று குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் 4 ஜிபிதான் கார்டின் சொந்தம், 'டெடிகேட்டட்' என்று தனியாகப் போட்டிருக்கும். மீதி 'ஷேர்டு', அதாவது தேவைப்பட்டால் ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் கணக்கு. கடன் கொடுக்க வேண்டிய ராமே உங்களிடம் 8 ஜிபிதான். விண்டோஸும் பின்னால் திறந்து கிடக்கும் குரோமும் சேர்ந்து அதில் பாதியைச் சாப்பிட்டிருக்கும். கேம் ஒன்றைக் கேட்க, கார்டு ஒன்றைக் கேட்க, இரண்டுக்கும் இல்லாமல் எஸ்எஸ்டியை நோண்ட ஆரம்பிக்கும். அப்போதுதான் படம் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அரை வினாடி நிற்கும். சண்டையின் நடுவில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் முதல் செலவு ராம் என்கிறேன். இந்த ப்ராசஸருக்கு டிடிஆர்4, லேப்டாப் அளவு, 2933 வேகம். 3200 என்று எழுதியது கிடைத்தாலும் போடலாம், 2933இல் ஓடும். ஒன்றுக்கு இரண்டாகப் போடுவதில் இன்னொரு லாபம், இரண்டு பாதையிலும் தரவு போகும், திணறல் குறையும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. புதிது கட்டுப்படியாகவில்லை என்றால் பழையது வாங்குவதில் தப்பில்லை, ராம் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான் இல்லை. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனால் ஒரே கடையில் முடித்துவிடாமல் மாடி மாடியாக நாலு இடத்தில் விலை கேளுங்கள். உங்கள் கண் முன்னாலேயே செருகச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் 16 என்று காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

ப்ராசஸரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 4 கோர், 8 த்ரெட். பட்டியலில் இருக்கிற ஐ5-8400க்கு 6 கோர் என்றாலும், 30 ஃப்ரேமுக்கு உங்களுடையது போதும். அது களைத்துப்போகும் முன் கார்டு களைத்துவிடும். எஸ்எஸ்டியில், 512 என்று வாங்கியது விண்டோஸில் 476 என்றுதான் தெரியும். கேமுக்கு 130 ஜிபி என்றால் அதற்கு மேலும் கொஞ்சம் காலியாக வையுங்கள், அப்டேட் வரும்போது ஸ்டீம் தற்காலிகமாக இடம் கேட்கும். வீட்டு இணையம் 100 எம்பிபிஎஸ் என்றால் இறக்குவதற்கு மூன்று மணி நேரம். பழைய 30 எம்பிபிஎஸ் பிளானில் இருந்தால் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

இலவசச் சோதனைக்கு வருகிறேன். வூகோங்கை உருவாக்கிய கேம் சயன்ஸ், கேம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு, 2024 ஆகஸ்டில், 'பெஞ்ச்மார்க் டூல்' ஒன்றை ஸ்டீமில் இலவசமாக விட்டது. ஸ்டீமில் கேமின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். ராம் வாங்குவதற்கு முன்னாலேயே அதை இறக்கி ஓட்டுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், பேட்டரியில் ஓடினால் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குரோமை மூடுங்கள். செட்டிங்கில் எல்லாவற்றையும் குறைந்த அளவுக்கு வையுங்கள், ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வேண்டாம், எஃப்எஸ்ஆர் போடுங்கள். ரெசல்யூஷனை எத்தனை சதவீதம் சின்னதாக்கி வரைய வேண்டும் என்று ஒரு அளவு இருக்கும், 67இல் ஆரம்பியுங்கள். அது ஏறக்குறைய 720பியில் வரைந்து 1080பியாகக் காட்டுவது. ஃப்ரேம் ஜெனரேஷனை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அதைப் போட்டால் எண் அழகாக ஏறும், ஆனால் நடுவில் சொருகிய ஃப்ரேம்களுக்கு உங்கள் விரல் சொல்வது கேட்காது. அடிப்படையே 25 ஃப்ரேமில் இருக்கும்போது அதை 45 ஆக்கிக் காட்டினால், பார்க்க வழுவழுப்பாகவும் விளையாட இழுவையாகவும் இருக்கும்.

முடிவில் சராசரியும் குறைந்த அளவும் காட்டும். சராசரியைப் பாருங்கள், அது பெரும்பாலும் கார்டைப் பொறுத்தது. குறைந்த அளவு எவ்வளவு கீழே விழுகிறது என்பதில் ராமின் பற்றாக்குறை தெரியும். சராசரி 35, ஆனால் அவ்வப்போது 8, 10 என்று சரிகிறது என்றால் ராம் போட்டால் தேறும். சராசரியே 20 என்றால் ராம் வாங்கியும் பிரயோஜனம் இல்லை, சதவீதத்தை 50க்கு இறக்கிப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் இந்தக் கேமை இந்த லேப்டாப்பில் மறந்துவிடலாம். இன்னொன்று, அந்தச் சோதனையில் வருவது காட்டுக்குள் கேமரா சுற்றிவரும் காட்சி. சண்டை கிடையாது. அசல் கேமில் கனமான இடங்களில் இதைவிடக் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சோதனையை இடைவெளி விடாமல் மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். யூடியூபில் உங்கள் லேப்டாப் மாடலை வைத்துக் காட்டுபவர் குளிர்நாட்டில் உட்கார்ந்திருப்பார். நாம் கோலாலம்பூரில் மத்தியான வேளையில், ஏசி இல்லாத அறையில், 32 டிகிரியில் விளையாடுகிறோம். மூன்றாவது தடவை எண் கணிசமாக இறங்கினால் லேப்டாப் சூட்டில் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். உங்கள் ப்ராசஸர் 100 டிகிரி வரை போகும், அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும். 2020இல் வாங்கியது என்றால் உள்ளே விசிறியில் தூசி அடைத்திருக்கும், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் காய்ந்திருக்கும். இரண்டையும் சரிசெய்யச் சொல்லுங்கள். புதிய லேப்டாப் விலைக்குப் பக்கத்தில்கூட வராத செலவு அது. பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, மெத்தைமேல் வைக்காமல் இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

எண் சந்தேகப்படும்படி ஒற்றை இலக்கத்தில் வந்தால் பயப்படாதீர்கள், கேம் இன்டெல் கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்ப்ளேக்குள் 'கிராபிக்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே அந்த கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

எல்லா கேமுக்கும் இப்படி பெஞ்ச்மார்க் கிடைக்காது. அப்போது டெமோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்டீமின் பணம் திரும்பும் விதி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். கேமைத் திறந்தவுடன் 'ஷேடர் கம்பைல்' (படம் வரையும் நிரல்களை உங்கள் கார்டுக்கு ஏற்பத் தயார் செய்வது) என்று உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்குமே, கேமுக்குள் நடக்கும் அந்த நேரமும் விளையாடிய நேரக் கணக்கில் சேரும். பழைய ப்ராசஸரில் அது நீளும். அதனால் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். யூடியூப் வீடியோக்களில், கார்டையே கையில் வைத்திராமல் திரையில் எண்களை மட்டும் ஒட்டி விடுபவர்கள் இருக்கிறார்கள். பேசுபவர் மெஷினைக் காட்டுகிறாரா, கீழே கருத்து எழுதுபவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து நம்புங்கள். "உங்கள் கணினியில் ஓடுமா" என்று ஒரே கிளிக்கில் சொல்லும் தளங்கள் அந்தப் பட்டியலையும் உங்கள் மெஷினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகின்றன, அவ்வளவுதான். உங்களுக்கு சிவப்புக் குறி போடும், அதனால் ஓடாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே வளைந்து கொடுக்கும் தேவைகள். வளையாத தேவைகளும் இருக்கின்றன, அடுத்த கேம் வாங்கும்போது அதை முதலில் பாருங்கள். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டும் ரே ட்ரேசிங் வசதி கார்டிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. 1650இல் அது கிடையாது. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை. 'பேட்டில்ஃபீல்ட் 6'க்கு செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) போட்டிருக்க வேண்டும், விண்டோஸ் 11இல் 'வேலரண்ட்' ஆடவும் அப்படித்தான். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'செக்யூர் பூட் ஸ்டேட்' என்ற வரியில் ஆன், ஆஃப் தெரியும். ஆஃப் என்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் மாற்ற வேண்டும். போவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் வசதி) மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம், அப்போது தேடினால் கிடைக்காது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் ப்ராசஸர் 11ஐ ஏற்கும், இன்னும் மாறாமல் இருந்தால் மாறிவிடுங்கள்.

சோதனையெல்லாம் பார்த்து, இல்லை அண்ணே, புதிதே வாங்கிக்கொள்கிறேன் என்றால் கடையில் கார்டின் பெயரோடு நிற்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். கார்டின் சொந்த மெமரி எத்தனை ஜிபி, 8க்குக் குறைந்து வாங்க வேண்டாம். அடுத்து, கார்டுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வருகிறது. மெல்லியதாக, அழகாக இருக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் குறைந்த வாட்தான் இருக்கும், ஸ்டிக்கர் மட்டும் ஒன்றேதான். விற்பவருக்குத் தெரியாவிட்டால், மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் 'டிஜிபி' (கார்டுக்குக் கொடுக்கும் மொத்த வாட்) என்ற வரியைத் தேடச் சொல்லுங்கள், அங்கேயே நின்று பார்த்துவிடலாம்.